படிப்பினைப் பெட்டியை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் மாணவர் பக்கத்தை என் பேத்திக்கு வாசித்துக் காட்டுகிறவள் நான். அதில் வரும் ஆசிய நாட்டுக் கதைகள் நன்றாகவே இருக்கின்றன, படங்களும் அழகு. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் கீழே மஞ்சள் பெட்டி கட்டி, 'படிப்பினை' என்று தலைப்புப் போட்டு இரண்டு வரி அச்சிடுகிறீர்களே, அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். இரண்டு வரிக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று தோன்றலாம். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அண்மையில் ஒரு கதை சொல்லும் போட்டிக்கு நீதிபதியாக அழைத்திருந்தார்கள். எந்த வட்டாரம், யார் ஏற்பாடு என்பதெல்லாம் வேண்டாம், எங்கே போனாலும் இதே கதைதான். மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், பாவனை என்று வரிசையாகப் போய்க் கடைசியில் 'நன்னெறிப் பண்பு' என்று தனியாக ஒரு கட்டம். நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, அட்டையில் காது வெட்டி ஒட்டிய கிரீடத்தோடு வந்து, சருகுமானும் முதலைகளும் கதையைச் சொன்னாள். ஆற்றுக்கு அக்கரையில் பழுத்துக் கிடக்கும் பழம். நடுவில் முதலைக் கூட்டம். "நபி சுலைமான் உங்களுக்கெல்லாம் விருந்து வைக்கப்போகிறார், எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்" என்று சருகுமான் புளுகுகிறது. முதலைகளும் கரைக்குக் கரை வரிசை கட்டுகின்றன. ஒவ்வொரு முதுகாகத் தாவிக்கொண்டே, "சாத்து டுவா தீகா லெகுக், ஜந்தான் பெத்தினா அகு கெதுக்" என்று அவள் மலாய்ப் பாட்டை எடுத்தாளே, மண்டபமே கூடச் சேர்ந்து பாடியது. ஆணானாலும் பெண்ணானாலும் தலையில் ஒரு குட்டு உண்டு என்பதுதான் அந்தப் பாட்டு. பின் வரிசையில் சிற்றுண்டி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அம்மாக்கள்கூட நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். கதை அங்கே முடிந்துவிட்டது.

அவளை முடிக்க விடவில்லை நாம். கையைக் கட்டி, முகத்தை இறுக்கிக்கொண்டு, "அவையோரே, இக்கதையின்வழி நாம் அறிவது என்னவென்றால், ஆபத்து வேளையில் நாமும் சருகுமானைப் போல் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ள வேண்டும்" என்று ஒப்பித்துவிட்டு இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் வந்து அதே கதையைச் சொன்னான். அவனுடைய முடிவு: "முன்பின் தெரியாதவர்களின் பசப்பு வார்த்தைகளை நம்பி ஏமாறக் கூடாது." ஒருத்தி சருகுமான் கட்சி, ஒருத்தன் முதலைக் கட்சி. அந்தக் கட்டத்தில் இருவருக்குமே முழு மதிப்பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதிபதி, "ரெண்டும் சரிதானே டீச்சர்" என்றார். ரெண்டும் சரிதான். அதனால்தான் கேட்கிறேன், இத்தனை சுலபமாக மாற்றி மாட்ட முடிகிற வரிக்கு மதிப்பெண் எதற்கு?

பரிசு வழங்கியபின் ஒரு சிறுமி என்னிடம் வந்து, "டீச்சர், சருகுமான் பொய்தானே சொன்னிச்சு?" என்று கேட்டாள். நம் மலேசியப் பள்ளிகளின் நன்னெறிக் கல்விப் பாடத்தில் கடவுள் நம்பிக்கை, நன்மனம், கடமையுணர்வு, நன்றி நவிதல் என்று தொடங்கி 14 நெறிகள் இருக்கின்றன. நேர்மையும் அதில் ஒன்று. அந்தப் பிள்ளை பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது. கதையையும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. படிப்பினை வரிதான் இரண்டுக்கும் நடுவில் நின்று, அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிறது.

இதே கதை ஜப்பானிலும் உண்டு. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிக்கி என்ற பழைய நூலில் வருகிறது. அங்கே சருகுமானுக்குப் பதில் முயல், முதலைக்குப் பதில் சுறா. ஓக்கி தீவிலிருந்து இனாபா கரைக்கு வர ஆசைப்பட்ட முயல், "உங்கள் குலம் பெரிதா, எங்கள் குலம் பெரிதா, எண்ணிப் பார்த்துவிடலாம்" என்று சுறாக்களை வரிசை கட்ட வைக்கிறது. கடைசிச் சுறாவின் முதுகில் நிற்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, "ஏமாந்தீர்களா" என்று பீற்றிக்கொள்கிறது. அந்தக் கடைசிச் சுறா அதன் ரோமத்தை உரித்துவிடுகிறது. இளவரசி ஒருத்தியைப் பெண் கேட்கப் போகிற அண்ணன்மார் கூட்டம் ஒன்று அந்த வழியாக வருகிறது. உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுக் காற்றில் போய்ப் படு என்று கேலியாக வழி சொல்லிவிட்டுப் போகிறார்கள். தோல் வெடித்து முயல் துடிக்கிறது. எல்லாருடைய மூட்டையையும் சுமந்துகொண்டு கடைசியாக வருகிற தம்பி ஓக்குனினுஷி, நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டு கோரைப்பூத் தூளில் புரளச் சொல்கிறான். முயலுக்குக் குணமாகிறது. இளவரசி உனக்குத்தான் என்று அது அவனுக்கு வாக்குச் சொல்கிறது. டொட்டொரி மாநிலத்தில் இன்றும் அந்த முயலுக்குக் கோயில் இருக்கிறது.

எங்கள் ஊர் மிருகம் ஏமாற்றிவிட்டுப் பழம் தின்னப் போகிறது. அவர்கள் ஊர் மிருகம் ஏமாற்றியதற்குத் தோலைக் கொடுக்கிறது, ஆனால் ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தும் அதற்கு ஒருவன் மருந்து சொல்கிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள். யார் செய்தது நியாயம் என்று பிள்ளைகளே அடித்துக்கொள்வார்கள். மஞ்சள் பெட்டி அந்தச் சண்டைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

சருகுமானை நல்ல பிள்ளையாக்கப் பார்ப்பதே வீண் வேலை. குளவிக்கூட்டை நபி சுலைமானின் கோங், அதாவது அடித்து ஒலிக்கும் வெண்கலத் தட்டு, என்று சொல்லிப் புலியை அடிக்க வைக்கும். சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பை ராஜாவின் இடுப்புப் பட்டை என்று சொல்லிக் கட்ட வைக்கும். உருவத்தில் பூனையை விடச் சிறிது, அவ்வளவுதான். கொம்பும் கிடையாது. பரமேஸ்வரா என்ற இளவரசர் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, வெள்ளைச் சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை எட்டி உதைத்ததாம். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் அங்கே மலாக்காவை நிறுவினார் என்பது மலாய் வரலாற்று நூல் சொல்லும் கதை. (அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் நெல்லி மரம்தான்.) மலாக்கா மாநிலச் சின்னத்தில் இன்றும் சருகுமான் நிற்கிறது. 1994இல் வந்த குட்டிக் காருக்கும் கஞ்சில் என்று அதன் மலாய்ப் பெயரைத்தான் வைத்தார்கள்.

நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரியவர்கள் பால்வெட்டுக்குப் போய்விட, எங்களையெல்லாம் ஆயாக்கொட்டகையில் விட்டுவிடுவார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவி, பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரப் பெண்களிடம் கேட்ட சருகுமான் கதைகளைத் தன் கைச்சரக்கைச் சேர்த்துச் சொல்லுவாள். அவள் கதையில் புலிக்குக் காக்கிக் காற்சட்டை, தொப்பி, கக்கத்தில் ஒரு கணக்குப் புத்தகம். கேட்கிற எங்களுக்குத் தெரியும் அது தோட்டத்துக் கணக்கர்களில் எந்தக் கிராணி என்று. புலி குளவிக்கூட்டை ஓங்கி அடிக்கிற இடம் வந்தால் தொட்டிலில் கிடக்கிற குழந்தை விழித்துக்கொள்கிற அளவுக்குச் சிரிப்போம். அவள் ஒரு நாளும் படிப்பினை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்!

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பாக இருப்பதில்லை. 'பத்து பெலா பத்து பெர்தாங்குப்' (பிளந்து மூடும் பாறை) என்ற மலாய்க் கதை உங்கள் பக்கத்தில் போன மாதம் வந்தது. மாக் தஞ்சோங் என்ற ஏழைத் தாய் தெம்பாக்குல் மீன் முட்டைக்கு ஆசைப்படுகிறாள். சேற்றில் துள்ளுமே, அந்த மீன். பிடித்துச் சமைத்துவைத்து, எனக்கும் கொஞ்சம் வையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே போகிறாள். மகள் மெலூர் எவ்வளவு தடுத்தும் தம்பி பெக்கான் அழுது அடம்பிடித்து அம்மா பங்கையும் தின்றுவிடுகிறான். திரும்பிவந்த தாய் மனம் உடைந்து, ஆளை விழுங்கும் பாறையை நோக்கி ஓடுகிறாள். பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பாறை திறக்கிறது, மூடுகிறது. அவ்வளவுதான் கதை. உங்கள் பெட்டியில் இருந்த படிப்பினை: 'பேராசை பெரு நட்டம்.' என் பேத்தி அந்த வரியைத் தாண்டிக்கூடப் போகவில்லை. "மீன் முட்டைக்காக அம்மா செத்துப்போவாங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டு அன்று இரவு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

அவள் கேட்டதுதான் அந்தக் கதையின் உயிர். காலமெல்லாம் தன் வாய்க்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஒருத்தி, ஒரே ஒரு நாள் ஒன்றை ஆசையாகக் கேட்டாள், அதுவும் மிஞ்சவில்லை. அவள் ஓடியது முட்டைக்காகவா? எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை, அதற்கே பாதி புரிந்துவிடும். நான் என் பேத்தியிடம் சொன்னதெல்லாம், "அந்த அம்மாவுக்கு ரொம்ப நாளா மனசு சரியில்லை போல" என்பது மட்டும். அடுத்த நாள் பசியாறும்போது தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் அம்மா தட்டில் வைத்தாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மறுநாள் வைக்கவில்லை.

சி தங்காங் என்ற மலாய்க் கதையையும் சொல்ல வேண்டும். ஏழைத் தாயின் மகன் கப்பலேறிப் போய் நக்கோடாவாகி, அதாவது கப்பல் தலைவனாகி, இளவரசியைக் கட்டிக்கொண்டு திரும்பிவருகிறான். தாய் அவனுக்குப் பிடித்த வாழைப்பழ வற்றலை எடுத்துக்கொண்டு படகில் வருகிறாள். மனைவி முன்னால் வெட்கப்பட்டு, இந்தக் கிழவி யாரோ என்கிறான். தாய் சபிக்க, கப்பலோடு கல்லாகிறான். மேற்கு சுமத்ராவில், பாடாங்கில் இவன் பெயர் மாலின் குண்டாங். ஆயிர் மானிஸ் கடற்கரையில் குப்புறக் கிடக்கும் ஆள்போன்ற கல்லைக் காட்டுவார்கள். புருணை ஆற்றின் நடுவில் இருக்கும் ஜோங் பத்து பாறையையும் இப்படி ஒரு மகனின் கப்பல் என்றே சொல்கிறார்கள். நம் பத்துமலையே அந்தக் கல்லான கப்பல்தான் என்று சிலாங்கூர்ப் பக்கத்தில் வாய்மொழியாக ஒரு கதை உண்டு. தைப்பூசத்துக்குப் படியேறும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும்? நான் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "பழத்தை என்னா செஞ்சாங்க டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டான். 'தாயை மதிக்க வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதி அவன் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பஞ்சதந்திரம் என்ன, நீதிக்கதை இல்லையா என்று யாராவது கேட்பார்கள். முதல் தந்திரமே மித்திரபேதம், அதாவது நண்பர்களைப் பிரிப்பது. தமனகன் என்ற நரி, சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவில் கோள்மூட்டி, எருதைக் கொல்ல வைத்து, தானே மந்திரியாகிவிடுகிறது. தண்டனை கிடையாது. அரசாளப்போகிற பிள்ளைகளுக்கு உலகம் எப்படி நடக்கும் என்று காட்டிய நூல் அது, நல்லொழுக்கச் சான்றிதழுக்காக எழுதியதல்ல. 8ஆம் நூற்றாண்டில் அதை அரபியில் எழுதிய இப்னுல் முகஃபாவுக்கு நரி தப்பித்தது பொறுக்கவில்லை. நரியை விசாரணைக் கூண்டில் ஏற்றித் தண்டிக்கும் அத்தியாயம் ஒன்றை அவர் சேர்த்தார். பாருங்கள், அவரும் பெட்டி கட்டவில்லை, இன்னொரு கதை சொன்னார். இந்த நாட்டில் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, 1835இல் பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுவந்தது தமிழிலிருந்துதான். மலாக்காக்காரர், தமிழ் ரத்தமும் உள்ளவர். இதை உங்கள் மாணவர் பக்கத்தில் போடுங்கள், அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கும் இடம் போதும்.

பஞ்சதந்திரத்தின் கடைசித் தந்திரத்தில் கீரிப்பிள்ளை கதை வருகிறது. குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரி, வாயில் ரத்தத்தோடு ஓடிவருகிறது. குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று பதறிய தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். 'ஆராயாமல் எதையும் செய்யாதே.' பெட்டி தயார்! ஆனால் இளங்கோவடிகள் அங்கே நிறுத்தவில்லை. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், கோவலனின் பழைய நற்செயல்களை மாடலன் என்ற அந்தணன் எடுத்துச் சொல்லும் இடத்தில் இந்தப் பெண் வருகிறாள். கீரியைக் கொன்றவள் கையால் இனிச் சோறு உண்பதில்லை என்று கணவன் வடக்கே புறப்படுகிறான். அவள் அழுதுகொண்டே பின்னால் போகிறாள். தகுந்தவர் யாரிடமாவது காட்டு என்று ஓலை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அவன் போய்விடுகிறான். புகாரில் பெரிய வணிகர்கள் வாழும் தெருவில், வீடு வீடாக அந்த ஓலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். அவள் பாவம் நீங்கத் தானம் செய்து, போன கணவனைத் தேடிக் கூட்டிவந்து சேர்த்து, பிழைக்கப் பொருளும் கொடுக்கிறான்.

தப்புச் செய்தவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றியிருக்கிறது நம் ஆட்களுக்கு. போட்டி மேடையில் இந்தக் கதையைச் சொன்ன எந்தப் பிள்ளையும் அந்தத் தெருவரைக்கும் வந்ததை நான் கேட்டதில்லை. கீரி செத்த இடத்தில் 'அவையோரே' வந்துவிடும்.

இதற்கு மறுப்புச் சொல்கிற இளைய ஆசிரியர்கள் எனக்குத் தெரியும். கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிற பிள்ளைகளுக்குப் பட்டென்று சொன்னால்தான் ஏறும் என்பார்கள். பட்டென்று சொல்வதற்குப் பாடப் புத்தகம் இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது, காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் இருக்கிறார். கதைக்கு அந்த வேலை வேண்டாமே. தாத்தாவுக்குக் கொட்டாங்கச்சியில் கஞ்சி ஊற்றுகிற அப்பாவைப் பார்த்துப் பேரன் இன்னொரு கொட்டாங்கச்சியைப் பத்திரப்படுத்துகிற கதை நம் எல்லாருக்கும் தெரியும். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும், பாலி மொழியில் இருக்கும் 547 ஜாதகக் கதைகளில் தக்கல ஜாதகமும் இதுதான். கிழவரைப் புதைக்க அப்பன் குழி வெட்டுகிறான், அவன் இளைப்பாறும் நேரத்தில் ஏழு வயது மகன் மண்வெட்டியை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டத் தொடங்குகிறான். கொரியாவில் தாத்தாவை மலையில் விட்டுவிட்டு இறங்கும்போது, பேரன் அவரைச் சுமந்துவந்த முதுகுச்சட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். சீனத்தில் தாத்தாவைத் தூக்கிப்போன தூக்குக் கட்டிலை. எதற்கு என்று அப்பன் கேட்க, பிறகு உங்களுக்கு வேண்டுமே என்கிறான். இத்தனை நாட்டிலும் அந்தப் பையன் பேசுவது அவ்வளவுதான். அந்தப் பையனையே மேடையேற்றி, அவன் வாயால் 'மூத்தோரை மதிப்போம் அவையோரே' என்று சொல்ல வைத்தால் எப்படியிருக்கும்?

போட்டி நடத்துகிறவர்கள் உங்கள் நாளிதழைப் படிக்கிறவர்கள்தான். மதிப்பெண் தாளில் அந்தக் கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டு, கதை முடிந்ததும் நீதிபதி பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். இந்தக் கதையில் உனக்கு யார்மேல் கோபம் என்று கேட்டாலும் போதும். ஆசிரியர் எழுதிக்கொடுத்த வசனத்தை மனனம் செய்த பிள்ளை கொஞ்சம் திணறும். கதையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு மாக்சிக்கிடமோ (மலாய்க்கார அத்தையிடமோ) கேட்டுவந்த பிள்ளை வாயை மூடாது. யாருக்குப் பரிசு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கும் வேலை அதிகமில்லை. படிப்பினை இருந்த இடத்தில், அந்தக் கதை எந்த ஊரில் எந்த மக்கள் சொல்வது, வேறெங்கே எப்படி மாறுகிறது என்று மூன்று வரி போடுங்கள். போட ஒன்றும் கிடைக்காத வாரத்தில் வெற்றிடமாக விட்டாலும் பிள்ளைகள் அதில் படம் வரைந்துகொள்வார்கள்.

கீரிப்பிள்ளை கதையை அந்த வணிகர் தெருவரைக்கும் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் பாம்பு வருகிற பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம், ஓலையோடு அவள் நிற்கிற பகுதியில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பேராக்.